ஆஸ்பத்திரிச் செலவு 14 இலட்சம், கையில் கிடைத்தது 50,000: வெள்ளவத்தை வாசகிக்கு ஒரு சட்டத்தரணியின் பதில்

கேள்வி: ஐயா, நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். அம்மாவுக்கு வயது 67. பம்பலப்பிட்டியில் காலி வீதியின் பாதசாரிக் கடவையில் காலை ஏழே கால் மணியளவில் கடக்கும்போது ஒரு கார் மோதிவிட்டது. தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைக்குக் கொண்டுபோனோம். இடுப்பெலும்பு முறிவு. நான்காம் நாள் தனியார் வைத்தியசாலைக்கு மாற்றி ஒப்பரேஷன் செய்தோம். இதுவரை 14 இலட்சத்துக்கு மேல் செலவு. பெரும்பாலும் என் பணம். காரை ஓட்டியவர் ஒரு கம்பனியின் சாரதி. முதலாளியின் பிள்ளையைப் பாடசாலையில் விடப் போய்க்கொண்டிருந்ததாகச் சொன்னார். பொலிஸில் வைத்து 50,000 ரூபா தந்து, மிச்சத்தைக் கம்பனி பார்த்துக்கொள்ளும் என்றார். சிங்களத்தில் எழுதிய ஒரு கடிதத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. கம்பனி 'அடுத்த மாதம், அடுத்த மாதம்' என்று சொல்லிவிட்டு இப்போது போனையே எடுப்பதில்லை. காப்புறுதிக் கம்பனிக்குப் போனால் 'கோர்ட் ஓடர் கொண்டு வாங்க' என்கிறார்கள். விபத்து நடந்து 19 மாதம் முடிந்துவிட்டது. அந்தச் சாரதி மூன்று பிள்ளைகளோடு கஷ்டப்படுகிற மனிதர், அவர்மேல் வழக்குப் போட மனம் வரவில்லை. செலவழித்த பணத்தை மீட்க வழி இருக்கிறதா? வாங்கிய 50,000ஐத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

பதில்: வழி இருக்கிறது. ஆனால் அந்த வழி இன்னும் ஐந்து மாதத்துக்குள் மூடிவிடும். ஆகவே மற்றதெல்லாம் பிறகு, முதலில் கலண்டரைப் பார்ப்போம்.

1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவின்படி, இப்படியான காயத்துக்கும் நட்டத்துக்கும் வழக்குப் போட 2 வருடம்தான் அவகாசம். விபத்து நடந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். கடைசி பில் கட்டிய நாளிலிருந்தோ, கம்பனி கடைசியாகக் கைவிரித்த நாளிலிருந்தோ அல்ல. அந்த நாள் தாண்டி நீங்கள் வழக்குப் போட்டு, எதிர்த்தரப்புக் காலம் கடந்துவிட்டது என்று ஆட்சேபித்தால், உங்கள் பில்கள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வழக்கு அங்கேயே முடிந்தது. 'அடுத்த மாதம் தருகிறோம்' என்ற வார்த்தை கடிகாரத்தை நிறுத்தும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். கம்பனிக்காரர் வேண்டுமென்றே நாளைக் கடத்தினார்களோ, இல்லையோ, எனக்குத் தெரியாது. இரண்டு வருடம் தாண்டினால் இலாபம் யாருக்கு என்பது மட்டும் தெரியும்.

வழக்குக்கு முன் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்புவது வழக்கம். அனுப்பட்டும், இரண்டு வாரம் தவணை கொடுக்கட்டும். ஆனால் அதற்குப் பதில் வந்த பிறகுதான் வழக்கு என்று இருக்க வேண்டாம். கடிதம் போகிற அன்றே வழக்குப் பத்திரத்தை எழுதத் தொடங்கச் சொல்லுங்கள்.

இனிக் காப்புறுதி. 'கோர்ட் ஓடர் கொண்டு வாங்க' என்று அவர்கள் சொன்னது உங்களுக்கு அலட்சியமாகப் பட்டிருக்கும். சட்டப்படி அது சரிதான். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதன் 105 ஆம் பிரிவின் கீழ், காப்புறுதி எடுத்தவருக்கு எதிராக நீதிமன்றம் தீர்ப்பாணை கொடுத்தால் அந்தத் தொகையைக் காப்புறுதிக் கம்பனி உங்களுக்குக் கட்ட வேண்டும். தீர்ப்பாணை இல்லாமல் அவர்களை நேரே பிடிக்க வழியில்லை. மனம் வைத்துச் சமாதானமாகப் பேசினால் அது வேறு.

இங்கே ஒரு சின்னப் பொறி இருக்கிறது. 106 ஆம் பிரிவு: வழக்குத் தொடரப் போவதாகவோ தொடர்ந்துவிட்டதாகவோ காப்புறுதிக் கம்பனிக்கு அறிவித்தல் போக வேண்டும், வழக்குக்கு முன்னால் அல்லது வழக்குப் போட்டு 7 நாளுக்குள். இதைத் தவறவிட்டால் வழக்கில் வென்றும் காப்புறுதிக் கம்பனியிடம் ஒரு சதம்கூடக் கேட்க முடியாமல் போகலாம். நீங்கள் நேரில் போய்க் கவுன்டரில் பேசியது அறிவித்தல் ஆகாது. பதிவுத் தபாலில், வாகன இலக்கம், விபத்துத் திகதி, இடம், எந்த நீதிமன்றம் என்பவற்றோடு ஒரு கடிதம் போக வேண்டும். தபால் கந்தோர் தரும் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். சட்டத்தரணி அனுப்புவார்தான், அனுப்பினாரா என்று நீங்களும் ஒரு தடவை கேளுங்கள், கோபிக்க மாட்டார்.

இதிலேயே சாரதி பற்றிய உங்கள் மனக்கஷ்டத்துக்கும் பாதி பதில் இருக்கிறது. அவர் பெயர் வழக்கில் இருக்கத்தான் வேண்டும். கவனயீனமாக ஓட்டியது அவர் என்று நிரூபித்தால்தான் மற்றவர்கள் பொறுப்பாவார்கள். ஆனால் பணம் அவருடைய சட்டைப் பையிலிருந்து வரப்போவதில்லை. அதற்குத்தான் கம்பனி இத்தனை வருடம் பிரிமியம் கட்டியிருக்கிறது. அவரிடம் இதை நேரடியாகச் சொல்லியும் விடலாம். பொலிஸில் தன் கையிலிருந்து 50,000 எடுத்துத் தந்த மனிதர் என்றால், விளங்கிக்கொள்வார்.

கம்பனியைப் பற்றி ஒன்று கவனிக்க வேண்டும். கார் என் பெயரில் இருக்கிறது என்பதால் மட்டும் ஒருவர் விபத்துக்குப் பொறுப்பாகிவிடுவதில்லை. நம் நாட்டில் இந்த விஷயத்துக்கு ஒல்லாந்தர் விட்டுப்போன உரோமன் டச்சுச் சட்டம்தான் இன்னும் நடக்கிறது. அதன்படி வேலைக்காரன் முதலாளியின் வேலையில் இருக்கும்போது செய்த தவறுக்கு முதலாளி பொறுப்பு. ஆகவே அன்று காலை அந்தக் கார் யாருடைய வேலையாக ஓடியது என்பது பெரிய கேள்வி. 'பிள்ளையைப் பாடசாலையில் விட்டது கம்பனி வேலை இல்லை, டிரெக்டரின் சொந்த வேலை' என்று கம்பனி ஒரு பல்டி அடிக்கும். டிரெக்டரோ 'சாரதிக்குச் சம்பளம் கொடுப்பது கம்பனி' என்பார். இந்தப் பந்தாட்டத்தில் நீங்கள் நடுவில் நிற்கத் தேவையில்லை. சாரதி, கம்பனி, அந்த வேலையை ஏவிய முதலாளி மூவரையும் எதிராளிகளாகச் சேர்ப்பதா என்று உங்கள் சட்டத்தரணியோடு பேசுங்கள். நானாக இருந்தால் சேர்ப்பேன்.

நாரஹேன்பிட்டியில் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்த வாகன இலக்கத்துக்கான பதிவு விபரத்தை எடுங்கள். லீசிங்கில் வாங்கிய கார் என்றால் அதில் லீசிங் கம்பனியின் பெயரும் முழு உரிமையாளர் என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அவர்கள்மேல் பாயத் தேவையில்லை. கடன் கொடுத்தவர்கள், கார் ஓட்டியவர்கள் அல்ல.

நீங்கள் கையெழுத்துப் போட்ட அந்தக் கடிதம். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு இன்றுவரை தெரியாது, எனக்கும் தெரியாது. பொலிஸ் நிலையத்தில் உரிய கட்டணம் கட்டி, முறைப்பாட்டுப் பதிவு, அம்மாவின் வாக்குமூலம், சாரதியின் வாக்குமூலம், அந்தச் சமாதானப் பதிவு எல்லாவற்றுக்கும் உறுதிப்படுத்திய பிரதி கேளுங்கள். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் கொடுத்துத் தமிழாக்கிப் பாருங்கள். அனேகமாக 'மேற்படி தொகையைப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ஒரு வரி இருக்கும். இருந்தாலும் பயப்பட வேண்டாம். காயப்பட்டவர் அம்மா. நட்டஈடு கேட்கும் உரிமையும் அம்மாவுடையது. அம்மா எழுத்தில் அதிகாரம் தராமல் மகள் போட்ட கையெழுத்து அம்மாவின் உரிமையைப் பறித்துவிடாது. அம்மா அன்று வார்ட்டில் படுத்திருந்தார் என்பதே போதிய பதில். ஆனால் இப்படி ஒரு கடிதம் இருக்கிறது என்பதைச் சட்டத்தரணியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு அதை நீட்டும்போது உங்கள் ஆளே திகைத்து நிற்கக் கூடாது.

அதோடு நீதவான் நீதிமன்றத்தில் அந்தச் சாரதிக்கு எதிராகப் பொலிஸார் வழக்கு வைத்தார்களா, என்ன ஆனது என்றும் விசாரியுங்கள். எலும்பு முறிந்திருப்பதால் இது பாரதூரமான காயம். கவனயீனத்தால் அப்படிக் காயம் ஏற்படுத்துவது தண்டனைச் சட்டக்கோவையின் 329 ஆம் பிரிவில் குற்றம். அங்கே விதிக்கும் தண்டப்பணம் அரசாங்கத்துக்குப் போகும், உங்களுக்கு வராது. ஆனால் சாரதி 'குற்றவாளி' என்று ஒப்புக்கொண்டிருந்தால் அந்த ஒப்புதல் நம் சிவில் வழக்கில் கைகொடுக்கும். வழக்கேட்டின் பிரதியை எடுத்துவிடுங்கள்.

இப்போது பில்கள். மருத்துவச் செலவு வழக்குகளில் சண்டை நடப்பது பெரும்பாலும் இங்கேதான், கடவையில் அல்ல. எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் முதல் கேள்வியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: 'தேசிய வைத்தியசாலையில் எல்லாம் இலவசம். பிறகு ஏன் பிரைவேட்டுக்குப் போனீர்கள்?' கேட்க நியாயமாகத்தான் இருக்கும். செலவு நியாயமானதாகவும் தேவையானதாகவும் இருந்தால்தான் அதை மற்றவர் தலையில் கட்ட முடியும். நட்டத்தைத் தேவையில்லாமல் பெருக்கக் கூடாது என்பதும் சட்டம்.

உங்களிடம் நல்ல பதில் இருக்கிறது. முதிய வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் ஓரிரு நாளுக்குள் சத்திரசிகிச்சை செய்வதே நல்லது என்பது மருத்துவத்தில் பொதுவாக ஏற்ற கருத்து. அசையாமல் படுத்த படுக்கையில் கிடந்தால் நிமோனியா, காலில் இரத்தக் கட்டி, படுக்கைப் புண் என்று ஒவ்வொன்றாக வரும். அம்மா மூன்று நாள் காத்திருந்தார். ஒப்பரேஷனுக்கு எப்போது திகதி தந்தார்கள், தியேட்டர் கிடைக்கவில்லையா, பொருத்தும் செயற்கை மூட்டை வெளியே வாங்கி வரச் சொன்னார்களா என்பதெல்லாம் அங்குள்ள பெட் ஹெட் டிக்கெட்டில், அதாவது வார்ட்டில் நோயாளியைப் பற்றி எழுதி வைக்கும் பதிவில், இருக்கக்கூடும். அந்தப் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். ஒப்பரேஷன் செய்த எலும்பியல் டொக்டரிடம், ஏன் தாமதிக்க முடியாது என்று இரண்டு பந்தியில் ஒரு கடிதம் வாங்குங்கள். அந்தக் கடிதம் 14 இலட்சத்தைத் தாங்கும் தூண். டயக்னோசிஸ் கார்ட் மட்டும் போதாது. அதில் என்ன செய்தார்கள் என்று இருக்கும், ஏன் உடனே செய்ய வேண்டியிருந்தது என்று இராது.

பிறகு பில்லுக்குள் இறங்குவார்கள். தியேட்டர் கட்டணம், டொக்டர் கட்டணம், மூட்டு, மருந்து இவற்றில் அதிகம் கை வைக்க மாட்டார்கள். 'டீலக்ஸ் அறை' என்று ஒரு வரி இருந்தால் அதைப் பிடித்துக்கொள்வார்கள். கூட இருந்தவருக்கு எடுத்த சாப்பாடு, டெலிவிஷன் கட்டணம் எல்லாம் விரல் வைத்து வாசிப்பார்கள். சாதாரண அறை அன்று காலி இல்லை என்றால் அதை வைத்தியசாலையிடமிருந்து எழுத்தில் எடுங்கள். இல்லை, வசதிக்காகத்தான் எடுத்தோம் என்றால் அந்த வித்தியாசத்தை நாமே கழித்துக் கேட்பது நல்லது. சின்னத் தொகையில் நேர்மையாக இருந்தால் பெரிய தொகையில் நீதிபதி நம்புவார்.

பார்மசி துண்டுகளை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். வழவழப்பான அந்தக் கடதாசியில் எழுத்து 19 மாதத்தில் பாதி மங்கியிருக்கும். முழுக்க அழியுமுன் போட்டோக் கொப்பி எடுங்கள், போனிலும் படம் பிடியுங்கள். மங்கிப்போனதற்குக் கடையில் கேட்டால் இரண்டாவது பிரதி தரக்கூடும். அம்மாவைப் பார்க்க வந்த உதவியாளருக்குச் சம்பளம் கையில்தான் கொடுத்திருப்பீர்கள், பற்றுச்சீட்டு இராது. மாதவாரியாக எவ்வளவு என்று ஒரு வவுச்சர் எழுதி, அடையாள அட்டை இலக்கத்தோடு அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். உண்மையில் கொடுத்த தொகையை மட்டும், இன்றைய திகதியைப் போட்டு. பழைய திகதி போட்டால் குறுக்கு விசாரணையில் உரித்துவிடுவார்கள். பிசியோதெரபிக்குப் போன டாக்சிப் பயணங்கள் போன் செயலியில் கிடக்கும், தேடி எடுங்கள்.

'பெரும்பாலும் என் பணம்' என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் சிக்கலான இடம் இது. நட்டம் அம்மாவுக்கு ஏற்பட்டதாக இருக்க வேண்டும். பில் அம்மாவின் பெயரில், கட்டியது உங்கள் கார்ட்டில் என்றால், 'வழக்காளிக்கு ஒரு சதமும் செலவாகவில்லையே' என்ற வாதம் வரும். அம்மாவுக்காக, அவர் திருப்பித் தர வேண்டிய பணமாக நீங்கள் கட்டியிருந்தால், அது அம்மாவின் கடன். அதை வழக்குப் பத்திரத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். அப்படித்தான் கட்டினீர்களா, மகளின் கடமை என்று கட்டினீர்களா என்பதை நீங்களும் அம்மாவும்தான் சொல்ல வேண்டும். உங்களை இரண்டாம் வழக்காளியாகச் சேர்ப்பது நல்லதா என்றும் இதை வைத்தே சட்டத்தரணி முடிவெடுப்பார். நீங்கள் சம்பளமில்லாத லீவு போட்டது உங்கள் நட்டம், அம்மாவுடையது அல்ல. அதை இந்தக் கணக்கில் கலக்க வேண்டாம்.

இன்னொன்று. ஒரு விபத்துக்கு ஒரு வழக்குத்தான். சிவில் நடைமுறைச் சட்டக்கோவையின் 34 ஆம் பிரிவின்படி முழுக் கோரிக்கையையும் ஒரே தடவையில் வைக்க வேண்டும். இன்றைக்கு 14 இலட்சம், நாளைக்கு மூட்டை மாற்ற வேண்டி வந்தால் இன்னொரு வழக்கு என்று போக முடியாது. ஆகவே எதிர்காலச் செலவையும் இப்போதே கேட்க வேண்டும்: மறு ஒப்பரேஷனுக்கான சாத்தியம், தொடர்ந்து தேவைப்படும் பிசியோதெரபி, உதவியாளர். டொக்டரின் மதிப்பீடு இருந்தால் நீதிமன்றம் எடுக்கும், நாமே குத்துமதிப்பாக ஒரு தொகை போட்டால் எடுக்காது. வேதனைக்கும் நடமாட்டம் குறைந்ததற்கும் தனியாக ஒரு தொகை கேட்கலாம். அதற்குப் பில் தேவையில்லை. அம்மாவுக்கு ஏதும் வருமானம் இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டிலிருந்து இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுத்திருந்தாலும் அது வருமானம்தான், விட்டுவிடாதீர்கள்.

சரி, பிழை யாருடையது? பாதசாரிக் கடவையில் நடப்பவருக்கு வழிவிட வேண்டியது சாரதியின் கடமை, ஆகவே நம் பக்கம் பலமாக இருக்கிறது. இருந்தும் நிரூபிக்கும் சுமை நம்முடையது. 'கையில் போனைப் பார்த்துக்கொண்டு திடீரென்று இறங்கினார்' என்று சொல்வார்கள், அனேகமாக எல்லா வழக்கிலும் இதே வசனம்தான். அது நிரூபணமானாலும் வழக்கு விழாது. இரு தரப்பிலும் பிழை இருக்கும்போது பொறுப்பைப் பிரிக்கும் 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அம்மாவின் பங்குக்கு ஏற்ப நட்டஈடு குறையும், அவ்வளவுதான். 14 இலட்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு அம்மாவுடைய பிழை என்று கண்டால் 11 இலட்சத்து 20 ஆயிரம் கிடைக்கும். அம்மாவின் பொலிஸ் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தால் அதையும் வரிவரியாக மொழிபெயர்த்துப் பாருங்கள். 'கடவையில்' என்பது 'கடவைக்கு அருகில்' என்று ஆகியிருந்தால் அது இப்போதே தெரிய வேண்டும். கமராப் பதிவுகள் இத்தனை நாளில் அழிந்திருக்கும். ஆனால் அந்த இடத்தில் தினமும் நிற்கிற லொத்தர் விற்பவர், கடைக்காரர், ஓட்டோக்காரர் யாராவது கண்டிருக்கலாம். ஒரு நாள் காலையில் அதே நேரத்துக்குப் போய் விசாரியுங்கள்.

விபத்து பம்பலப்பிட்டியில் என்பதால் வழக்கு புதுக்கடையில், கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வரும். எத்தனை நாள் எடுக்கும் என்று கேட்காதீர்கள். மாதக் கணக்கில் இல்லை, வருடக் கணக்கில்தான். முன்பெல்லாம் ஒவ்வொரு பில்லுக்கும் 'நிரூபணத்துக்கு உட்பட்டு' என்று ஆட்சேபித்து, வைத்தியசாலையின் காசாளரைக்கூடச் சாட்சிக் கூண்டில் ஏற்றவைப்பார்கள். 2022 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சிவில் நடைமுறைச் சட்டக்கோவைத் திருத்தச் சட்டம் இந்த இறுக்கத்தைத் தளர்த்தியிருக்கிறது. ஆனாலும் மூலப் பிரதிகளைப் பத்திரமாக வையுங்கள். சட்டத்தரணிக்குக் கொப்பி போதும். அம்மா தமிழிலேயே சாட்சி சொல்லலாம், மொழிபெயர்ப்பாளர் ஒழுங்கு செய்வது நீதிமன்றத்தின் வேலை. அம்மாவின் உடல்நிலை மோசம் என்றால் வழக்கு விசாரணைக்கு வரும்வரை காத்திராமல் அவருடைய சாட்சியத்தை முன்கூட்டியே பதிவு செய்ய விண்ணப்பிக்கவும் வழி உண்டு.

அனேகமாக, அறிவித்தல் போய் வழக்கு விசாரணைக்கு நெருங்கும்போது காப்புறுதித் தரப்புச் சட்டத்தரணி வராந்தாவில் ஒரு தொகை சொல்வார். கோபப்பட வேண்டாம், உடனே தலையாட்டவும் வேண்டாம். வருடங்கள் இழுப்பதை நினைத்தால் கொஞ்சம் குறைத்து வாங்குவதில் தவறில்லை. ஆனால் டொக்டர் கடிதமும் பில்களும் ஒழுங்காக இருக்கும் வழக்கில், நிரூபிக்கக்கூடிய மருத்துவச் செலவுக்குக் கீழே இறங்க நான் சம்மதிக்க மாட்டேன். விட்டுக்கொடுப்பதென்றால் வேதனைக்குக் கேட்ட தொகையில் விட்டுக்கொடுக்கலாம். இணங்கியதைச் சிவில் நடைமுறைச் சட்டக்கோவையின் 408 ஆம் பிரிவின் கீழ் நீதிபதி முன்னால் பதிவு செய்து தீர்ப்பாணையாக எடுங்கள். வாய்ப்பேச்சும் வெள்ளைக் கடதாசியும் ஒரு தடவை போதும்.

சட்டத்தரணிக்குக் கொடுக்க இப்போது கையில் பணமில்லை என்றால், புதுக்கடை மேல் நீதிமன்ற வளாகத்தில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அம்மாவின் வருமானத்தைப் பார்த்து ஏற்பார்கள். போவதென்றால் இந்த வாரமே போங்கள், அவர்களுக்கும் கோப்பைத் தயாரிக்க நேரம் வேண்டும்.

50,000 ரூபாவைத் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. அது மருத்துவச் செலவுக்கென்று தந்த பணம். வழக்குப் பத்திரத்தில் 'இன்ன திகதியில் இவ்வளவு பெறப்பட்டது' என்று நாமே எழுதி, மொத்தத் தொகையில் கழித்துக் கேட்போம்.